நடுமேடை வைத்த சமையலறை: டெல்டா வீடுகளுக்கு ஓர் எளிய விளக்கம்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளின் வரைபடங்களில் சமையலறைக்கு நடுவே ஒரு செவ்வகம் அடிக்கடி தென்படுகிறது. ஐலண்ட் என்று அதற்குப் பெயர். நான்கு பக்கமும் சுவரைத் தொடாமல், சுற்றி நடக்க வழி விட்டு நிற்கும் மேடை அது. இந்தக் கட்டுரையில் அதை நடுமேடை என்றே எழுதுகிறேன். வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு அதைக் கேட்கிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் மேடையின் நீளம், கல்லின் நிறம் எல்லாம் பேசி முடித்த பிறகும் ஒரு கேள்வி கேட்கப்படாமலே இருந்துவிடுகிறது: அந்த மேடையில் என்ன வேலை நடக்கப்போகிறது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சமையலுக்கு நடுமேடை காய்ந்த மேடையாக இருப்பதே நல்லது. நெருப்பும் தண்ணீரும் சுவரோரம் இருக்கட்டும். நடுவில் மனிதர்கள் இருக்கட்டும்.

டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். சமையல்கட்டின் நடுப்பகுதி வெறும் தரைதான். அரிவாள்மணையோடு ஒருவர் காய் நறுக்குவார். பக்கத்தில் ஒருவர் தேங்காய் துருவுவார். இன்னொருவர் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். அடுப்பு சுவரோரம் எரியும், தண்ணீர் புழக்கம் முற்றத்திலோ கிணற்றடியிலோ நடக்கும். நின்றபடி சமைக்கும் மேடை வந்ததும் இடுப்புவலி குறைந்தது, உண்மை. கூடவே எல்லோரும் சுவரைப் பார்த்து, ஒருவருக்கொருவர் முதுகு காட்டி நிற்கும்படியும் ஆயிற்று. உதவிக்கு வருகிறவருக்கு நிற்க இடமில்லை. நடுமேடை செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை, அந்தப் பழைய நடுத்தரையை இடுப்பளவு உயர்த்தித் திருப்பித் தருவதுதான். அதில் அடுப்பையோ சிங்கையோ பதித்துவிட்டால் அந்த நன்மை போய்விடுகிறது.

முக்கோணம் என்றால் என்ன?

சமையலறைத் திட்டத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் 'வேலை முக்கோணம்' என்ற சொல் வரும். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் ஆகிய மூன்று இடங்களையும் கோட்டால் இணைத்தால் கிடைக்கும் முக்கோணம் அது. சமைக்கிறவர் நாள் முழுதும் இந்த மூன்றுக்கும் இடையேதான் நடக்கிறார். 1926-இல் வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிறிய சமையலறையை வடிவமைத்தார். சமைக்கும் பெண் எத்தனை அடி நடக்கிறாள், எதற்காகக் குனிகிறாள் என்பதைக் கணக்கில் எடுத்து வரைந்த அறை அது. பிறகு 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த சிறுவீட்டு ஆய்வுகளிலிருந்து முக்கோண விதி பரவியது. மூன்று பக்கங்களையும் கூட்டினால் 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் கை இடிக்கும். கூடினால் கால் வலிக்கும்.

விதி நல்ல விதி. ஆனால் அது ஒருவர் மட்டும் தனியாகச் சமைக்கும் அடுக்களையை மனதில் வைத்து எழுந்தது. நம் வீட்டில் இன்னும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, மாவு அரைக்கும் இடம். மற்றொன்று, கொல்லை வாசல். பெரிய பாத்திரங்களைத் தேய்ப்பதும், மீன் ஆய்வதும், குப்பை கொட்டுவதும் கொல்லைப்புறத்தில் நடக்கும் வீடுகள் டெல்டாவில் இன்றும் ஏராளம். அடுப்பிலிருந்து கொல்லை வாசலுக்குப் போகும் வழியை நடுமேடை மறித்தால், கரி பிடித்த குண்டானைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வேளையும் மேடையைச் சுற்ற வேண்டியிருக்கும். வரைபடத்தில் முதலில் கொல்லை வாசலைக் குறியுங்கள், பிறகு மற்றவற்றை வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கஞ்சி வடிப்பவர் எங்கே நிற்பார்?

குக்கர் வந்த பிறகும் பல வீடுகளில் சோறு வடித்துத்தான் உண்கிறார்கள். கொதிக்கும் கஞ்சியோடு கனமான பானையைத் தூக்கி, தட்டை அழுத்திப் பிடித்து, சிங்க் பக்கம் சாய்க்க வேண்டும். சமையலறையில் நடக்கும் வேலைகளில் மிகவும் ஆபத்தானது இதுதான். அடுப்பு சுவரோர மேடையிலும் சிங்க் நடுமேடையிலும் இருந்தால், அந்தப் பானை நடைவழியைக் கடந்தாக வேண்டும். அதே நேரத்தில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வரலாம். அதனால் அடுப்பும் சிங்கும் ஒரே மேடையில், ஒரே வரிசையில் இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே இரண்டரை அடிக் கல் விடுங்கள். பானையை அந்தக் கல்லின் மேலேயே நகர்த்திக் கொண்டுபோய் வடிக்கலாம். தூக்கி நடக்கவே தேவையில்லை.

இந்த இடைக்கல்லுக்கு இன்னொரு பெயர் இறக்கிவைக்கும் இடம். தொடக்கநிலையில் இருப்பவர்கள் மறந்துவிடும் விஷயம் இது. அடுப்பின் ஒரு பக்கம் குறைந்தது 15 அங்குலம், மறுபக்கம் 12 அங்குலம் வெறும் கல் வேண்டும். சிங்கின் ஒரு பக்கம் 24 அங்குலமும் மறுபக்கம் 18 அங்குலமும் வேண்டும். ஃபிரிட்ஜ் அருகில் 15 அங்குலம் போதும், பால் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்கு. பக்கச் சுவரை முட்டியபடி சிங்கையும் மூலையில் அடுப்பையும் நெருக்கிவிட்ட சமையலறை, எத்தனை பெரிதாக இருந்தாலும், பயன்படுத்துகிறவருக்குச் சிறிதாகத்தான் இருக்கும்.

நடுமேடையில் அடுப்பு வைக்க வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் இன்னும் உண்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ரப்பர் குழாய் எப்போதும் கண்ணில் படவேண்டும். சுவரோர மேடையில் இவை எளிது. நடுமேடைக்கோ தரைக்கு அடியில் உலோகக் குழாய் பதிக்க வேண்டும், அல்லது மேடைக்குள்ளேயே சிலிண்டரை அடைக்க வேண்டும். இரண்டாவது வழியில் காற்றோட்டம் இருக்காது. அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்தது சிம்னி. சுவரில் பொருத்தும் சிம்னிக்குப் பின்னால் ஒரு சுவர் இருப்பதால் புகை ஒரு பக்கமாவது அடைபட்டு மேலே போகிறது. நடு அறையில் தொங்கும் சிம்னிக்கு அந்த உதவி இல்லை. இழுவிசை அதிகம் வேண்டும், வெளியேற்றும் குழாயும் கூரை வழியே நீண்டு வளையும். குழாய் நீளவும் வளையவும் இழுப்பு குறையும். சிம்னி எங்கே வைத்தாலும் அடுப்புக்கு மேல் 26 முதல் 30 அங்குல உயரம் சரியாக இருக்கும்.

மின்விசிறியையும் மறக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் விசிறி இல்லாமல் சமையலறையில் நிற்க முடியாது. அடுப்பு நடுவில் இருந்தால் தீ அணைந்துபோகும் என்று விசிறியை நிறுத்திவைப்பார்கள், சமைக்கிறவர் வெந்துபோவார். அடுப்பு சுவரோரம் போய்விட்டால், விசிறியை நடுமேடைக்கு மேலே, அடுப்புக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி மாட்டலாம். காய் நறுக்குகிறவருக்குக் காற்று கிடைக்கும், தீயும் ஆடாது.

12 அடிக்கு 14 அடி: ஒரு கணக்கு

நடைவழி எவ்வளவு வேண்டும்? ஒருவர் வேலை செய்யும் வழிக்கு 42 அங்குலம், இருவர் முதுகோடு முதுகு நின்று வேலை செய்யும் வழிக்கு 48 அங்குலம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. வெறுமனே கடந்துபோகும் வழிக்கு 36 அங்குலம் போதும். இதை வைத்துக்கொண்டு ஓர் அறையைப் போட்டுப் பார்ப்போம்.

அறை 12 அடி அகலம், 14 அடி நீளம். அங்குலத்தில் 144, 168. நீளமான கிழக்குச் சுவரை ஒட்டி 24 அங்குல ஆழத்தில் பெரிய மேடை. அடுத்து 42 அங்குல நடைவழி. பிறகு 30 அங்குல அகல நடுமேடை. கூட்டினால் 96. மேற்குச் சுவர் வரை 48 அங்குலம் மீதி, தாராளமான வழி. இந்த மேற்குச் சுவரில் அலமாரி வேண்டுமென்றால் 12 அங்குல ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் வழி 36 அங்குலத்துக்குக் கீழே இறங்கிவிடும். இனி நீளவாக்கில் பாருங்கள். வடக்குச் சுவரில் 24 அங்குலச் சிறு மேடை, 42 அங்குல வழி, 60 அங்குல நீள நடுமேடை, தெற்கே 42 அங்குல வழி. மொத்தம் சரியாக 168.

கிழக்கு மேடையின் தென்பாதியில் அடுப்பு, வடபாதியில் சிங்க். சமைக்கிறவர் கிழக்கு பார்த்து நிற்பார். அடுப்பு அக்னி மூலைப் பக்கமும் தண்ணீர் ஈசானியப் பக்கமும் அமைகின்றன. வாஸ்து பார்க்கும் பெரியவர்களுக்கும் முக்கோணம் பார்க்கும் இளையவர்களுக்கும் இந்த ஒரு விஷயத்தில் சண்டை வராது. ஃபிரிட்ஜ் வடக்குச் சுவரின் நடுவில், கூடத்து வாசலைப் பார்க்க. அடுப்புக்கும் சிங்குக்கும் 5 அடி, சிங்கிலிருந்து ஃபிரிட்ஜுக்கு 6 அடிக்குச் சற்றுக் குறைவு, ஃபிரிட்ஜிலிருந்து அடுப்புக்கு ஏறத்தாழ 9 அடி. மொத்தம் 20 அடி அளவில் முடிகிறது. தெற்குச் சுவரில் கொல்லை வாசல் வைத்தால் அடுப்படியிலிருந்து நேரே வெளியேறலாம். கூடத்திலிருந்து தண்ணீர் பாட்டில் எடுக்க வருகிறவர், அடுப்புக்கும் நடுமேடைக்கும் இடையே நுழையாமல் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். ஃபிரிட்ஜ் வாசலோரம் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

அறை இதைவிடச் சிறியது என்றால் நடுமேடைக்கு அடம்பிடிக்க வேண்டாம். 10 அடி அகல அறையில் மேடையும் வழியும் போக, நடுவில் ஒரு மேடையும் மறுபுறம் ஒரு வழியும் திணித்தால், இரண்டு வழிகளுமே நெருக்கடியாகிவிடும். அங்கே ஒரு முனை சுவரோடு ஒட்டிய தீபகற்ப மேடை கட்டலாம். மூன்று பக்கம் நிற்கலாம், ஒரு வழி மிச்சமாகும். 8 அடி அறையில் பூட்டு உள்ள சக்கரங்கள் வைத்த மர மேசை ஒன்றே போதும். வேலை முடிந்ததும் சுவரோரம் தள்ளிவிடலாம்.

காகிதத்தில் சரியாக வந்தாலும் கட்டுவதற்கு முன் தரையில் போட்டுப் பாருங்கள். சுண்ணாம்புப் பொடியாலோ கோலமாவாலோ மேடைகளின் எல்லையைக் கோடு இழுத்து, நடுமேடை வரும் இடத்தில் செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு பலகை போடுங்கள். வீட்டில் சமைக்கிறவரை வரச்சொல்லி, காலிப் பானையோடு அடுப்பிலிருந்து சிங்குக்கும், அங்கிருந்து கொல்லைக்கும் நடக்கச் சொல்லுங்கள். வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டியவர் இங்கே வந்ததும் "இது இடிக்கிறது" என்பார். அந்தச் சொல்லை மதியுங்கள். ஆடிப்பெருக்கு அன்று அந்த அறையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்றும் கேளுங்கள். எலுமிச்சம் சாதம், தேங்காய்ச் சாதம், புளியோதரை, தயிர்ச் சாதம் என்று வகை வகையாகக் கிளற, வடித்த சோற்றைத் தாம்பாளங்களில் பரப்பி ஆறவைக்க வேண்டும். 5 அடி நடுமேடையில் இரண்டு பெரிய தாம்பாளங்கள் வைத்து, எதிரெதிரே நின்று இருவர் கலக்கலாம். நடுமேடை தன் இடத்துக்கு ஈடு கொடுக்கும் நாள் அது.

உயரம்

வெளிநாட்டுப் படங்களில் மேடை 36 அங்குலம் இருக்கும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது அதிகம். முழங்கையை மடக்கி நில்லுங்கள். முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே காய் நறுக்கும் மேடை இருக்க வேண்டும். நம் வீடுகளில் இது பெரும்பாலும் 32, 33 அங்குலத்தில் வரும். அடுப்பு வைக்கும் பகுதி இன்னும் தாழ வேண்டும், ஏனென்றால் மேடைமேல் அடுப்பு, அதன்மேல் பானை. 29, 30 அங்குலம் வைத்தால் சாம்பார்க் குண்டானுக்குள் எட்டிப் பார்க்க நுனிக்காலில் நிற்க வேண்டாம். சமைக்கிறவரை அளந்துதான் மேடை கட்ட வேண்டும். கொத்தனார் வழக்கமாகக் கட்டும் உயரம் அவருடைய வழக்கம் மட்டுமே.

நடுமேடையில் உட்காரவும் இடம் வேண்டுமானால் ஒரு பக்கம் கல்லை 12 அங்குலம் வெளியே நீட்டுங்கள், முழங்கால் நுழைவதற்கு. ஒருவருக்கு 24 அங்குல அகலம். கல்லை இவ்வளவு நீட்டினால் அடியில் தாங்கி கொடுக்காமல் விடக் கூடாது. 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ எடை. நம் 60-க்கு 30 அங்குல மேடைக் கல்லே 60 கிலோவைத் தாண்டும்.

கிரைண்டர், மிக்ஸி, மற்றவை

கிரைண்டருக்கு நிரந்தர இடம் கொடுங்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். தமிழ் வீட்டுச் சமையலறையின் தனி அடையாளம். ஆனால் எந்த வெளிநாட்டு சமையலறைப் படத்திலும் அதற்கு இடம் இருக்காது. கடைசியில் அது பரண் மேலோ கூடத்து மூலையிலோ போய் உட்காரும், வாரம் இரண்டு முறை யாரோ ஒருவர் முதுகு பிடிக்கத் தூக்கி இறக்குவார். சிங்குக்கு அருகே, 24 அங்குல உயரத்தில் ஒரு தனிக் கல் போட்டு அதிலேயே வைத்துவிடுங்கள். மாவு வழிக்கும்போது தோளை உயர்த்த வேண்டியிருக்காது. கல்லைக் கழுவத் தண்ணீரும் பக்கத்தில் கிடைக்கும். சாய்க்கும் வகைக் கிரைண்டர் என்றால் முன்னால் பாத்திரம் வைக்க இடம் விட வேண்டும்.

மிக்ஸி பெரிய மேடையில், சிங்குக்கும் மூலைக்கும் இடையே. மைக்ரோவேவ் நெஞ்சு உயரத்தில். அடுப்புக்கு மேலே வைக்கவே கூடாது. ஃபிரிட்ஜை அடுப்பை ஒட்டி நிறுத்தினால் அது குளிர்விக்கக் கூடுதலாகப் பாடுபடும். பின்புறமும் பக்கங்களிலும் சில அங்குலம் காற்று போக விடுங்கள். காபி ஃபில்டர், டபரா, சர்க்கரை மூன்றும் ஃபிரிட்ஜ் பக்கத்து வடக்கு மேடையில் இருந்தால், காலையில் காபி போடுகிறவரும் இட்லி ஊற்றுகிறவரும் மோதிக்கொள்ள மாட்டார்கள்.

மேடைகளுக்கு அடியில் என்ன கட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் மரத்துக்குப் பகை, கரையான் அதைவிடப் பெரிய பகை. கீழ்த்தட்டுகளுக்குக் கடப்பைக் கல்லோ சிமென்ட் பலகையோ போட்டு, கதவுகளை மட்டும் ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகையில் செய்தால் போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்று உப்பு தோய்ந்தது. கீல்களும் இழுப்பறைத் தண்டவாளங்களும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்குங்கள். மலிவான கீல் விரைவில் துருவேறிவிடும்.

தரை போடுவதற்கு முன்

நடுமேடையின் மின்சாரம் தரைக்கு அடியில்தான் வந்தாக வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு நினைவு வந்தால் உடைப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே மேடையின் இடம் முடிவானதும், கான்கிரீட் போடுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயர் போகும் ஒரு குழாயைப் பதித்துவிடுங்கள். ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் போதும். மேடையின் குறுகிய பக்கத்தில், கல் விளிம்புக்குக் கீழே, தண்ணீர் வழியாத இடத்தில்.

ஏன் 16 ஆம்பியர்? வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் 1,380 வாட் வரைதான் தாங்கும். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் அது போதும். இன்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் அளவுக்கு இழுக்கும். மைக்ரோவேவும் எல்லையைத் தொடும். அவற்றை 6 ஆம்பியரில் செருகினால் பாயின்ட் சூடாகி உருகும். ஃபிரிட்ஜுக்குத் தனி இணைப்பு, சமையலறைக்கு முழுதும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுக் காப்பு (ஆர்.சி.சி.பி.) என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஈரக் கையோடு ஸ்விட்ச் தொடும் அறை இது. சிங்குக்கு நேர் மேலே எந்த பாயின்ட்டும் வேண்டாம்.

எல்லாவற்றையும் மின்சாரத்தில் நம்பி அமைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்டக்‌ஷன் மட்டும் வைத்திருக்கும் வீடு அப்படிப்பட்ட நாட்களில் பட்டினி கிடக்கும். எரிவாயு அடுப்பு இருக்கட்டும், சிம்னி நின்றாலும் புகை போக அடுப்பு மேடைக்கு மேலே ஒரு ஜன்னல் இருக்கட்டும், தரையோரம் எரிவாயு வெளியேற ஒரு சிறு காற்றுத்துளை இருக்கட்டும். பாட்டியின் அம்மியைக் கொல்லைத் தாழ்வாரத்தில், மழை படாத இடத்தில் போட்டுவையுங்கள். அதற்கும் வரைபடத்தில் ஒரு சதுரம் ஒதுக்கச் சொல்லிப் பொறியாளரிடம் இன்றே கேளுங்கள்.